காவிரி கொண்ட பட்டோலையும் ஒன்பதினாயிரப்படியும்

திருவாய்மொழிக்குப் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்த வியாக்கியானங்கள் ஐந்து. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி என்பன அவை. ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணிய 32 எழுத்துகள் ஒரு படி. அக்கணக்கில் ஒன்பதினாயிரப்படி ஏறத்தாழ 2,88,000 எழுத்துகள் கொண்ட நூல். ஸ்ரீபாஷ்யத்தின் அளவோடு இதனை ஒப்பிட்டுச் சொல்வது பெரியோர் வழக்கம்.

இவ்வைந்தனுள் ஒன்பதினாயிரப்படிக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி உண்டு. அது இருமுறை எழுதப்பட்ட நூல். முதலில் எழுதிய ஓலைகள் காவிரி வெள்ளத்தில் போயின. நாம் இன்று ஸேவிப்பது, ஆசார்யரிடம் கேட்ட பொருளை நெஞ்சிற் கொண்டு சிஷ்யர் மீண்டும் எழுதித் தந்த வடிவம் என்பது ஸம்பிரதாயத்தில் வழங்கிவரும் வரலாறு. நம்பிள்ளையின் நினைவாற்றலுக்கும் ஞானத்துக்கும் சான்றாகவே இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் எடுத்துரைப்பர். அது பொருத்தமே. ஆயினும், முடிந்துவிட்ட ஒரு பெருநூல் அழிந்தபோது அதனை மீண்டும் தொடங்குவது எப்படி என்னும் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலை கைமாறிய வகை

நஞ்சீயர் மேல்நாட்டில் திருநாராயணபுரத்தில் வேதாந்தி என்னும் பெயரோடு வாழ்ந்த பெரும் பண்டிதர். பராசர பட்டரால் திருத்திப் பணிகொள்ளப்பட்டு, இல்லறம் துறந்து, திருவரங்கம் வந்து பட்டர் திருவடிகளில் ஒதுங்கியவர். பட்டரிடம் கேட்ட அர்த்தங்களைக் கொண்டு திருவாய்மொழிக்கு வியாக்கியானம் இட்ட அவர், அதனை நல்ல எழுத்தில் பட்டோலை கொள்ள விரும்பினார். எழுத வல்லார் யாவர் என்று தம் கோஷ்டியில் வினவ, நம்பூர் வரதராஜர் நன்றாக எழுதுவார் என்று அங்கிருந்தோர் விண்ணப்பித்தனர்.

வரதராஜரை வரவழைத்து எழுதிக் காட்டச் சொன்னார் ஜீயர். எழுத்து திருவுள்ளத்துக்கு உகந்ததாகவே இருந்தது. ஆயினும் அவர் உடனே ஓலைகளைக் கொடுத்துவிடவில்லை. எழுத்து அழகியதாயினும், ஆசார்ய ஸம்பந்தம் பெறாத ஒருவர் கையில் இவ்வர்த்தங்களை ஒப்படைக்கலாமோ என்று தயங்கினார். அக்குறிப்பை உணர்ந்த வரதராஜர், தம்மையும் திருவுள்ளப்படி திருத்தி ஆட்கொள்ளலாமே என்று விண்ணப்பிக்க, ஜீயர் அவருக்கு ஸமாச்ரயணம் செய்துவைத்தார். பின்னர் ஒன்பதினாயிரப்படி முழுவதையும் ஒருமுறை அவருக்கு உபதேசித்து, அதன் பிறகே மூல ஓலைகளைத் தந்தருளினார்.

வரலாற்றை விரைந்து சொல்வோர் இப்பகுதியை இரண்டு வாக்கியங்களில் கடந்துவிடுவதுண்டு. ஆனால் பின்னர் நிகழ்ந்ததற்கெல்லாம் வித்து இங்கேதான் இருக்கிறது. ஓலையைப் பார்த்து ஓலையில் எழுதுவதற்குப் பொருளறிவு கட்டாயமன்று. கண்ணும் கையும் போதும். நஞ்சீயர் அவ்வளவில் அமைந்திருந்தால், வரதராஜர் நல்ல எழுத்தாளராக மட்டும் ஓலைகளைப் பெற்றுச் சென்றிருப்பார். வெள்ளம் வந்தபோது அவர் கையில் எதுவும் எஞ்சியிராது. எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும் என்று ஜீயர் கொண்ட நியமம், அவரே எதிர்பாராத வகையில், நூலுக்குக் காப்பாயிற்று.

வெள்ளம்

வரதராஜர் தம் ஊருக்குச் சென்று அமைதியாக எழுதி வருவதாக நியமனம் பெற்றுப் புறப்பட்டார். வழியில் காவிரியைக் கடக்க வேண்டியிருந்தது.

இன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து பாலத்தின் வழியே சில நிமிடங்களில் திருவரங்கத்தை அடையும் நமக்கு அந்த ஆற்றின் தன்மை எளிதில் புலப்படாது. நகருக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் சூழ்ந்த தீவு திருவரங்கம். முக்கொம்பில் மேலணை எழுந்தது 1836–38ஆம் ஆண்டுகளில். மேட்டூர் அணை முடிந்தது 1934இல். அவற்றுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, மேற்கு மலைகளில் பெய்த மழையின் வேகமெல்லாம் தடையின்றி இவ்விரண்டு கரைகளுக்கு இடையே வந்து சேரும். கோயிலிலிருந்து எத்திசை சென்றாலும் நீரைக் கடந்தாக வேண்டும்.

ஓலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரதராஜர் ஆற்றில் இறங்கினார். நடுவே வெள்ளம் பெருகி அலை மோத, கட்டு நழுவி நீரில் போயிற்று. அவர் மட்டும் கரையேறினார்.

இழப்பின் அளவை எண்ணிப் பார்க்க வேண்டும். பனையோலையை வாரிப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை பூசித் துடைத்து, துளையிட்டுக் கயிறு கோத்து, கட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவது பல மாத உழைப்பு. போனவை படியெடுத்த ஓலைகளும் அல்ல, மூலமே போயிற்று. அது வரதராஜரின் சொந்த நூலும் அன்று. ஆசார்யர் நம்பிக் கொடுத்த பொருள். தம் நூலை இழந்தவனுக்குத் துயரம் ஒன்றே. பிறர் நூலை இழந்தவனுக்குத் துயரத்தோடு அபராத பயமும் சேரும்.

இரண்டாம் எழுத்து

அவர் செய்யக்கூடியவை பல இருந்தன. உடனே திரும்பிச் சென்று அபராதத்தை விண்ணப்பித்து, மீண்டும் அருளிச்செய்ய வேண்டும் என்று வேண்டியிருக்கலாம். அஞ்சி, திரும்பாமலே இருந்திருக்கலாம். அவரோ ஊரை அடைந்து, வெற்றோலைகளை எடுத்துக்கொண்டு, ஜீயர் உபதேசித்த அர்த்தங்களை நினைந்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

எழுதி முடித்த நூல் இழந்த நூலின் எழுத்துக்கு எழுத்தான நகல் அன்று என்பதைக் குருபரம்பரை நூல்கள் மறைக்கவில்லை. வரதராஜர் தமிழில் வல்லவர். பாசுரங்களின் சொல்லமைதிக்கும் ஆழ்வாரின் மனநிலைக்கும் ஏற்பச் சில இடங்களில் சிறப்புப் பொருள்கள் அவர் நெஞ்சில் தோன்றின. அவற்றையும் சேர்த்தே எழுதினார். ஒருமுறை கேட்டதை மீண்டும் நினைவுகூர்ந்து ஒழுங்குபடுத்தும்போது, கேட்ட பொழுதில் மேலோட்டமாய்க் கடந்த இடங்கள் எதிரே வந்து நிற்கும். இவ்விடத்துக்கு ஜீயர் என்ன அருளிச்செய்தார் என்று எண்ணுகையில், ஏன் அவ்வாறு அருளிச்செய்தார் என்றும் எண்ண நேரும். ஓலையைப் பார்த்து எழுதுபவருக்கு அக்கேள்வி எழ வாய்ப்புக் குறைவு. பாடம் சொல்லும் பெரியோர் இதனை அனுபவத்தில் அறிவர்.

திரும்பி வந்து ஸ்ரீகோசத்தை ஸமர்ப்பித்தார். ஜீயர் அவிழ்த்து நோக்க, தாம் இட்ட பொருளும் இருந்தது, தாம் இடாத நுண்பொருளும் இருந்தது. வியந்து வினவ, வரதராஜர் முதலில் அஞ்சி நின்றார் என்றும், ஜீயர் அபயம் தந்து கேட்ட பின்னர் நடந்ததை விண்ணப்பித்தார் என்றும் கூறுவர். நஞ்சீயர் சினக்கவில்லை. மூலம் போயிற்றே என்று வருந்தவும் இல்லை. அவரைத் தழுவிக்கொண்டு, நம்பிள்ளை என்றும் திருக்கலிகன்றிதாஸர் என்றும் திருநாமம் சாற்றினார். உலகம் அவரை அன்று தொட்டு நம்பிள்ளை என்றே அறிந்தது. நூல் மட்டும் நஞ்சீயர் அருளியதாகவே வழங்கிற்று. மீண்டும் எழுதியவர் அதில் தம் பெயரைப் பொறிக்கவில்லை.

ஒப்பிட்டு நோக்குதல்

இந்நிகழ்ச்சி தனித்து நிற்பதன்று. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்வதற்காகக் காச்மீரம் சென்று போதாயன வ்ருத்தியைப் பெற்று மீள்கையில், அந்நாட்டார் தொடர்ந்து வந்து அதனைப் பறித்துச் சென்றனர். எம்பெருமானார் வருந்த, உடன் சென்ற கூரத்தாழ்வான், இரவுதோறும் அதனை நோக்கித் தாம் நெஞ்சில் தரித்துவிட்டதாகத் தெரிவித்து, அங்கேயோ இரு காவிரிகளுக்கு நடுவே திருவரங்கம் சேர்ந்தோ எழுதித் தர இயலும் என்று தேற்றினார். ஆழ்வான் தரித்தது ஒரு ரிஷியின் வாக்கு. பிரமாணமாகக் காட்ட வேண்டிய அதில் ஒன்றைக் கூட்டவும் குறைக்கவும் இடமில்லை. நம்பிள்ளை தரித்தது ஆசார்யர் உபதேசித்த பொருள். அதற்கு வளர இடமுண்டு.

மூன்றாவது நிகழ்ச்சி மணவாள மாமுனிகள் (1370–1443) காலத்தது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தில் ஏறத்தாழ 400 பாசுரங்களுக்கு உரிய பகுதி செல்லரித்துப் போயிற்று. மாமுனிகள் அப்பகுதிக்குத் தாமே வியாக்கியானம் இட்டருளினார். முழுத் திருமொழிக்கும் புதிதாக ஒன்று எழுத அவருக்கு ஆற்றல் இல்லாமல் இல்லை. ஆயினும் பெரியவாச்சான் பிள்ளையின் ஓலை எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, அந்தச் சொல்லுக்கு முன்னே தம் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார் என்பர். இழந்ததை மட்டும் நிரப்பி, எஞ்சியதைத் தொடாதிருத்தலும் மீண்டும் எழுதுவதன் ஒரு முறை.

இவற்றோடு நேர்மாறான ஒன்றையும் நினைக்க வேண்டும். தம் ஓலைகளை வெள்ளத்தில் இழந்த அதே நம்பிள்ளை, பிற்காலத்தில் ஒரு நூலைத் தாமே அழியச் செய்தார். நடுவில் திருவீதிப்பிள்ளை பட்டர், நம்பிள்ளையின் காலக்ஷேபத்தில் கேட்டவற்றையெல்லாம் விரித்து 1,25,000 படியாக எழுதிக் கொண்டுவந்தார். எழுத்தளவில் அது 40 லட்சம். நம்பிள்ளை, தம் நியமனமின்றி எழுதியதையும் மஹாபாரதத்தைப் போலப் பெருகியதையும் கருதி, அதனை நீரில் நனைத்துக் கரையானுக்கு இரையாக்கினார். பின்னர்ப் பெரியவாச்சான் பிள்ளையை நியமித்து, ஸ்ரீராமாயண அளவில் இருபத்துநாலாயிரப்படியை எழுதச் செய்தார். பகலில் கேட்டதை இரவில் எழுதிவைத்த வடக்குத் திருவீதிப்பிள்ளையின் ஈட்டையும் முதலில் தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஈயுண்ணி மாதவரிடம் தந்தருளினார். அவர் வழியே வந்த ஈட்டையே மாமுனிகள் பின்னாளில் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு காலக்ஷேபமாக ஸாதித்தருளினார்.

பட்டரின் நூல் அழிந்ததை இன்றைய ஆராய்ச்சி மனம் எளிதில் ஏற்காது. ஓர் உரைச் செல்வம் போயிற்றே என்னும் ஏக்கம் இயல்பு. அடியேனுக்கும் அது உண்டு. ஆனால் நம்பிள்ளையின் வாழ்வில் இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒன்று விளங்கும். எழுதப்பட்டது என்பதனாலேயே ஒரு நூல் நிலைக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. ஓலை போனாலும் அர்த்தம் போகாது என்பதைக் காவிரியின் நடுவில் கண்டவர் அவர். கேட்டுத் தரித்தவர் இருக்கும்வரை, உரிய அளவில், உரிய நியமனத்தோடு, மீண்டும் எழுதிக்கொள்ளலாம் என்னும் துணிவு அவருக்கு இருந்தது.

முடிவுரை

மீண்டும் தொடங்குதலைப் பற்றி இவ்வரலாறு காட்டும் நெறிகள் மூன்று. எழுதுவதற்கு முன் பொருளைத் தரித்திருத்தல் முதலாவது. இழந்த எழுத்தைத் துரத்தாமல் பொருளைப் பற்றி எழுதுதல் இரண்டாவது. வேறுபட்ட இடத்தை ஆசார்யரிடம் ஒளிக்காமல் விண்ணப்பித்து அங்கீகாரம் பெறுதல் மூன்றாவது. இம்மூன்றாவது இல்லாவிடில், சிஷ்யரின் சேர்க்கை ஆசார்யரின் வாக்காகவே மயங்கி நின்றிருக்கும். அங்கீகாரமே இரண்டாம் எழுத்தைப் ப்ரமாணமாக்கிற்று.

ஸ்ரீகோசங்களைப் பெயர்த்தெழுதுவோரும் பதிப்பிப்போரும் இன்றும் இழப்பை அறிவர். செல்லும் ஈரமும் தின்ற ஏடுகள் இருக்க, கணிப்பொறியின் பழுதால் ஒரே இரவில் மறைந்துபோகும் பல்லாண்டு உழைப்பும் இருக்கிறது. அத்தகைய நாளில் மனம் தளர்வது இயற்கையே. அப்பொழுது எத்தனை பக்கம் போயிற்று என்று எண்ணுவதற்கு முன், நாம் கேட்டதில் எவ்வளவு நெஞ்சில் தங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நன்று. தங்கியது சிறிதாயின், மீண்டும் காலக்ஷேபத்தில் சென்று அமர வேண்டியதே பரிகாரம். தங்கியிருப்பின், வெற்றோலை எடுத்து முதல் வரியிலிருந்து தொடங்கலாம். ஒன்பதினாயிரப்படி நமக்குக் கிடைத்தது அவ்வாறு தொடங்கிய ஒருவரால்.