கடனாளி என்னுஞ் சொல்

பிறரிடம் பொருள் பெற்று, அதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவனைத் தமிழர் கடனாளி என்பர். கடன்காரன் என்றுங் கூறுவர். இவ்விரு சொற்களும் ஒரே பொருளன போலத் தோன்றினும், வழக்கில் வேறுபாடு உண்டு. 'கடன்காரன் வாயிலில் வந்து நிற்கிறான்' என்றால், வந்தவன் பொருள் கொடுத்தவன். 'அவன் பெருங் கடன்காரனாகிவிட்டான்' என்றாலோ, அவன் பொருள் வாங்கியவன். கொடுத்தவனையும் கொண்டவனையும் ஒரே சொல்லாற் குறிக்கும் இவ்வழக்கு எவ்வாறு எழுந்தது?

கடன் என்னுஞ் சொல்லின் பழைய வரலாற்றை நோக்கின் விடை ஒருவாறு புலப்படும். சங்க நூல்களில் இச்சொல் பெரிதும் கடமையையே குறித்தது. புறநானூற்றின் 312ஆம் பாட்டிலே பொன்முடியார், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகிய ஐவருக்கும் உரிய பணிகளைக் கடன் என்றே வகுத்துரைக்கின்றார். அங்கே பணமும் இல்லை, வட்டியும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுக்களில், குடிகள் அரசுக்குச் செலுத்திய நிலவரி கடமை எனப்பட்டது. காலைக்கடன், நேர்த்திக்கடன், பிதிர்க்கடன், செஞ்சோற்றுக்கடன் என்பன இன்றும் அப்பழம் பொருளைக் காத்து நிற்கின்றன. ஆகவே, கடன் என்பது இருவரைப் பிணிக்கும் ஒரு கட்டு. அக்கட்டின் இரு முனைகளிலும் நிற்போரைக் கடன்காரர் என்றது பொருத்தமேயாம்.

ஆயினும், பேச்சிற்குப் பொருந்துவது வழக்கு மன்றத்திற்குப் பொருந்தாது. உறுதி எழுதுமிடத்து, கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதில் ஐயம் எழுமாயின், ஒரு குடும்பத்தின் காணியே கைமாறிவிடக்கூடும். அங்கே கடனாளி என்னுஞ் சொல் துணைசெய்கின்றது. அது கொண்டவனை மட்டுமே குறிக்கும்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரியால் தொகுக்கப்பட்டது. பன்னிரு முதலியார்கள் அதனை ஆராய்ந்து ஏற்றனர். அதிலே கூறப்படும் ஒற்றி முறையில், கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தின் விளைவை அனுபவிப்பர். நிலத்தை மீட்குங் காலமும் விளைவுக் காலத்தை ஒட்டியே வகுக்கப்பட்டிருந்தது. இவ்வாறு, கடனாளி நிலத்தின் பயனை இழந்தானேனும், உரிமையை இழந்தானல்லன்.

முதலாளி முதலை ஆள்பவன்; தொழிலாளி தொழிலை ஆள்பவன். கடனாளியும் கடனை ஆள்பவன் என்றே சொல்லமைப்புக் கூறும். ஆனால், நடைமுறையிலே கடன்தான் அவனை ஆள்கின்றது. கடன்படுதல் என்னுஞ் சொல் இவ்வுண்மையை மறைக்கவில்லை. துன்பப்படுதல், வருத்தப்படுதல் என்பவற்றோடு அது ஓரினமாய் நிற்கின்றது. இலங்கையில் 1941ஆம் ஆண்டு கடன் இணக்கச் சட்டம் இயற்றப்பட்டதும், கடனாளியையும் கடன் கொடுத்தவரையும் ஓரிடத்து இருத்தி இணக்கங் காணும் பொருட்டே. கட்டு இருவரையும் பிணிப்பதாயின், அதனை அவிழ்ப்பதற்கும் இருவர் கையும் வேண்டுமன்றோ?