பாகூர்ப் பக்கத்துப் பள்ளிகளும் பள்ளித் தோழர்களும்

புதுச்சேரியின் வரலாறு என்றதும் நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் கடற்கரை நகரத்தோடு நின்றுவிடுகின்றனர். டூப்ளே, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த தெரு, இவற்றைத் தாண்டி மேற்கே, வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே கிடக்கும் ஏரிப்பாசன ஊர்களுக்கு எவரும் வருவதில்லை. கரிக்கலாம்பாக்கம் அத்தகைய ஊர்களில் ஒன்று. புதுவை நிலப்பரப்பு தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடப்பதால், இங்கிருந்து கடலூருக்குப் போகிறவர் எந்தப் பனைமரம் எந்த மாநிலத்தது என்று அறியாமலே எல்லைகளைக் கடந்துவிடுவார். ஆயினும் தமிழகத்தில் கல்விக்கூடங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்தப் பக்கத்தை விட்டுவிட முடியாது.

பாகூர்ச் செப்பேடு கல்வெட்டு ஆய்வாளர்கள் நன்கறிந்த ஒன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், வேசாலிப் பேரரையனின் வேண்டுகோளால் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் பாகூர் வித்தியாஸ்தானத்துக்குக் கொடையாக அளிக்கப்பட்டன. ஒரு பள்ளியை நடத்த மூன்று ஊர்களின் விளைச்சல்! இன்றைய அரசு ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்ட எத்தனை கோப்புகளை நகர்த்துகிறது என்பதை நினைத்தால் வியப்பு மிகுகிறது.

வில்லியனூருக்கு மேற்கே திருபுவனையில் இன்னொரு சான்று இருக்கிறது. அன்று திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட அவ்வூரில், முதலாம் இராசாதிராசன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலை ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. ஊர்வாரியங்களில் பணியாற்றும் கடமையிலிருந்துகூட அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. படிப்பவன் படிக்கட்டும், ஊர் வேலைக்கு அவனை இழுக்காதீர்கள் என்பது அதன் பொருள். வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக அலையும் நம் காலத்து ஆசிரியர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் இந்தப் பெருமிதத்தில் ஒரு முள் உண்டு. அந்த 260 பேரும் வேதமும் சாத்திரமும் பயின்ற அந்தணச் சிறுவர்கள். அவர்களுக்குச் சோறளித்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. செப்பேடு கொடுத்தவனையும் பெற்றவரையும் சொல்கிறது. ஏர் பிடித்தவனை அது சொல்வதில்லை. நம் ஊர்ப் பழம்பெருமையைப் பேசுகையில் இதையும் சேர்த்தே பேசுவதுதான் நேர்மை என்று கருதுகிறேன்.

பின்வந்த நூற்றாண்டுகளின் திண்ணைப் பள்ளிக்கூடம், மணலில் எழுதிய அரிச்சுவடி, எண்சுவடி, சட்டாம்பிள்ளை இவையெல்லாம் பலரும் எழுதியவை; அவற்றை விட்டுவிடலாம். பிரெஞ்சு ஆட்சியின் கிராமப் பள்ளிகள்தாம் நமக்கு முக்கியம். அரசுச் சம்பளம் வாங்கிய தமிழாசிரியன் என்னும் ஒரு புதிய மனிதனை அவை உண்டாக்கின. அவர்களில் தலையாயவர் கனகசுப்புரத்தினம் என்ற பாரதிதாசன். 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் பணியில் சேர்ந்தவர், 1946இல் ஓய்வுபெறும்வரை ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகவே இருந்தார். புரட்சிக்கவி என்று மேடைகளில் முழங்குகிறோம். சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்த அந்த நீண்ட காலத்தை ஏனோ ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

அவரிடம் தொடக்கப் பள்ளியில் பயின்ற சிறுவர்களில் ஒருவர்தாம் வாணிதாசன். 1915இல் வில்லியனூரில் பிறந்து, பாகூரை அடுத்த சேலியமேட்டைத் தம் ஊராகக் கொண்டவர். ஆசிரியரைப் போலவே அவரும் பள்ளி ஆசிரியரானார். பிரெஞ்சில் நல்ல பயிற்சி உடையவர். தமிழ்–பிரெஞ்சுக் கையகராதி ஒன்றையும் தொகுத்தார். பிரெஞ்சு அரசு அவருக்குச் செவாலியே விருது வழங்கிய ஆண்டு 1954. கரிக்கலாம்பாக்கத்துக்கு அருகிலுள்ள கீழூரில் அந்த ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தும் 8 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சேலியமேட்டு ஆசிரியர் ஒருவரின் சட்டையில் பதக்கம் குத்திய அதே ஆண்டில், குத்தியவர்கள் மூட்டை கட்டினர். வாணிதாசன் 1974இல் மறைந்தார். சேலியமேட்டு அரசுப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய ‘ஓடை’ தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. அதைப் படிக்கும் மதுரைப் பிள்ளைக்கு அவர் எந்த ஓடைகளைப் பார்த்து வளர்ந்தார் என்பது தெரிய வாய்ப்பில்லை.

இனி என் தலைமுறைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் நாங்கள். புதுவைக்குத் தனித் தேர்வு வாரியம் இல்லாமையால் தமிழகப் பாடத்திட்டத்தில்தான் படித்தோம். (2023-24 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியத்துக்கு மாறிவிட்டன.) எங்கள் வகுப்பில் குடும்பங்களை மூன்றாகப் பிரிக்கலாம்: கழனிக் குடும்பம், ஆலைக் குடும்பம், சொல்தாக் குடும்பம்.

சொல்தா என்பது பிரெஞ்சுப் படையில் சேவை செய்தவருக்குப் புதுவையில் வழங்கும் பெயர். 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அந்த ஆறு மாதத்தில் ஒரு தாத்தா போட்ட கையெழுத்து, அறுபது ஆண்டு கழித்து ஒரு பேத்தி எந்த மொழியில் கனவு காண்பாள் என்பதைத் தீர்மானித்தது. அடுத்த வீட்டுத் தாத்தா கையெழுத்திடவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. எங்களோடு படித்த அத்தகைய ஒருவன் பாரிசின் புறநகர் ஒன்றில் குடியேறிவிட்டான். ‘வக்கான்சு’க்கு ஆகஸ்டில் வரும்போது மகளை அழைத்து வந்து எங்கள் பழைய வகுப்பறையைக் காட்டினான். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. சுவரில் எழுதியிருந்த குறளை நான்தான் படித்துக் காட்டினேன்.

ஆலைக் குடும்பங்களின் கதை வேறு. ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு ஆலைக்கு எங்கள் தோழர்களின் தந்தையர் மிதிவண்டியில் போய் வந்தனர். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி, 1936 சூலை 30இல் பன்னிரண்டு தொழிலாளர் சுட்டுக்கொல்லப்பட்ட புதுவை ஆலைகளின் மரபு அது. 2011 திசம்பரில் தானே புயல் ஆலையைச் சிதைத்தது. 2020 ஏப்ரலோடு அது மூடப்பட்டது. ஆலை வேலை தந்தைக்குப் பின் மகனுக்கு என்று நம்பிப் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் எங்கள் வகுப்பில் நால்வர். இன்று ஒருவர் கொத்தனார், ஒருவர் சேதராப்பட்டில் காவலாளி. கொத்தனாரின் மகள் இப்போது மருத்துவம் படிக்கிறாள். அரசுப் பள்ளி மாணவர்க்கு 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023இல் புதுவையில் நடைமுறைக்கு வந்திராவிட்டால் அது நடந்திராது என்று அவரே சொல்கிறார்.

சென்ற ஆண்டு பழைய மாணவர் கூடுகைக்குப் பட்டியல் தயாரித்தோம். முப்பத்தெட்டுப் பெயர்கள் சேர்ந்தன. எல்லாம் தேர்ச்சிப் பட்டியலிலிருந்து எடுத்தவை. ஒரு தோழிதான் கேட்டாள்: “ஏழாம் வகுப்பில் நாம் ஐம்பத்திரண்டு பேர் ஆயிற்றே, மற்றவர்கள் எங்கே, சார்?” (கல்லூரியில் வேலை பார்ப்பதால் கூடப் படித்தவளும் என்னைச் சார் என்கிறாள்.) விடுபட்டோரில் ஒன்பது பேர் காலனிப் பிள்ளைகள். கரும்பு வெட்டும் பருவத்தில் வராமல் போய், பிறகு வராமலே போனவர்கள். பெண்கள் மூவர், எட்டாம் வகுப்பு முடியுமுன் மணமாகிப் போனவர்கள். எவருடைய தொலைபேசி எண்ணும் எங்களில் ஒருவரிடமும் இல்லை. ஒரே ஊர், நடந்துபோனால் பத்து நிமிடம்.

அந்தத் தோழியே நடந்து போனாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொருவரைக் கண்டுபிடித்தாள். ஒருவன் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் மனைவி நூறு நாள் வேலைக்குப் போய் மகனைப் பதினோராம் வகுப்பில், நாங்கள் படித்த அதே பள்ளியில், சேர்த்திருக்கிறாள். இன்னொருவன் ஏழாம் வகுப்பில் என் வரைபடப் புத்தகத்தை வாங்கிப் போனவன்; திருப்பித் தர வேண்டியதை நினைவு வைத்திருந்தான். பண்ணுருட்டிப் பக்கம் மணமாகிப் போன ஒருத்தி பேரன் பெற்றுவிட்டாள். கூடுகைக்கு வர ஒப்புக்கொண்டவர்கள் ஏழு பேர். மீதி மூவரைப் பற்றி இன்னும் செய்தி இல்லை; ஒருத்தி நெட்டப்பாக்கத்தில் இருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிறு அங்கே போவதாக இருக்கிறோம்.