புலி முத்திரையும் ஏலக்காயும்

காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின்மீது சோழரின் புலி முத்திரையைப் பொறித்தனர் என்பது பட்டினப்பாலை தரும் செய்தி. கடல் வாணிகம் அன்றே காவலுக்கு உட்பட்டிருந்தது.

பண்ணைப்புரத்திற்கு மேற்கே எழும் மலைத்தொடரில் விளையும் ஏலக்காய்க்கும் அத்தகைய காவல் உண்டு. 1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டம் அதற்கெனத் தனி வாரியம் தந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 1987இல் நறுமணப் பொருள்கள் வாரியம் தோன்றியது. அதன் ஒழுங்குமுறைக்கு உட்பட்டே போடிநாயக்கனூரில் ஏலம் நடைபெறுகிறது.

1995இல் உலக வணிக அமைப்பு பிறந்தது. இன்று காய்க்குக் குவாத்தமாலாவின் போட்டி ஒருபுறம். இறக்குமதி நாடுகள் விதிக்கும் பூச்சிமருந்து எச்ச வரம்பு மறுபுறம். உண்போர் நலங்காக்க அவ்வரம்பு வேண்டுவதே. ஆயினும், முத்திரையிட்டவர் அன்று வணிகன் கண்முன் நின்றனர்; வரம்பு வகுப்போர் இன்று தொலைநாட்டில் உள்ளனர். அவ்வவையில் சிறு விவசாயியின் குரலும் ஒலித்தல் வேண்டும். அதுவே அறம் சார்ந்த வாணிகம்.