பெயருக்கு முன்பே பிறந்த உறவு

சொல் பிறந்த பிறகுதான் பொருள் பிறக்கவேண்டும் என்பதில்லை. டென்மார்க்கின் கடலோரச் சிறுநகரான கலுண்ட்போர்க்கில், ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருளாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1989இல், அவ்வுறவு 'தொழிலகக் கூட்டுயிர்வாழ்வு' என்று பெயர் பெற்றது. தாவரவியலாளர் அன்டன் டி பாரி 19ஆம் நூற்றாண்டில் உயிரியலில் நிலைபெறச் செய்த 'சிம்பயோசிஸ்' என்னும் சொல், இவ்வாறு ஆலைகளுக்குக் குடிபெயர்ந்தது.

இவ்வுறவின் தொடக்கத்தில் சூழலியல் இலட்சியம் ஏதும் இல்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்தது. நிலத்தடி நீரைக் காக்க, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு 1961இல் டிஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் பதிக்கப்பட்டது. 1972இல் அவ்வாலையின் மிகைவாயு, அருகிலிருந்த ஜிப்சம் பலகை ஆலைக்கு எரிபொருளாயிற்று. 1976இல் நோவோ நிறுவனத்தின் நொதித்தல் கசடு வயல்களுக்கு உரமாயிற்று. 1981 முதல் அஸ்னஸ் அனல்மின் நிலையத்தின் கழிவு வெப்பம் வீடுகளைச் சூடாக்கியது. சுமார் 3,500 வீடுகளின் எண்ணெய் உலைகள் தேவையற்றுப்போயின. 1993இல் அந்நிலையத்தின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கியபோது விளைந்த ஜிப்சம், சுரங்க ஜிப்சத்துக்கு மாற்றாகப் பலகை ஆலையை அடைந்தது.

இவற்றை இணைக்கும் பெருந்திட்டம் எதுவும் வரையப்படவில்லை. ஒவ்வொன்றும் இரு தரப்பினர் தத்தம் ஆதாயம் கருதிச் செய்துகொண்ட தனி ஒப்பந்தம். நீராவி நெடுந்தொலைவு செல்லாது. எனவே அண்மை உதவியது. சிறுநகரில் மேலாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். எனவே நம்பிக்கை உதவியது. நீரும் எரிபொருளும் மிச்சமானது இவற்றின் கூட்டு விளைவு.

பெயர் கிடைத்ததும் வரிசை தலைகீழாயிற்று. 1990களில் அமெரிக்காவில், கலுண்ட்போர்க்கை முன்மாதிரியாக்கி, உறவுகளை முன்கூட்டியே வரைந்த தொழிற்பூங்காக்கள் திட்டமிடப்பட்டன; அவற்றுள் பல காகிதத்திலேயே நின்றன. புதியனவற்றை வரைவதைவிட, ஏற்கெனவே முளைத்திருப்பனவற்றைக் கண்டறிந்து வளர்ப்பதே பயன் தரும் என 2007இல் யேல் பல்கலைக்கழகத்தின் மரியன் செர்டோ வாதிட்டார். கர்நாடகத்தின் நஞ்சன்கூடு தொழிற்பகுதி பற்றி அவரும் பிறரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றானது: அங்குள்ள ஆலைக் கழிவுகளில் மிகப் பெரும்பங்கு ஏற்கெனவே மறுபயன்பாட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. முறைசாராத் தொழிலாளருக்கும் அதில் பங்கு உண்டு.

அவர்களின் உழைப்பு 'கூட்டுயிர்வாழ்வு' என்னும் பெயருக்காகக் காத்திருக்கவில்லை. பெயரில்லாதது கொள்கை வகுப்போரின் கண்ணில் படுவதில்லை. இல்லாத வலையைப் பின்ன முனையும் திட்டம், இருக்கும் வலையை அறுத்துவிடக் கூடும். எனவே இத்துறையின் முதற்பணி திட்டமிடுதல் அன்று, காணுதல்.