கணக்குக் கிளார்க் சம்பளம்: சட்டம் ஒன்று, வாடகை வேறு

தோட்ட ஆபீசில் கிராணி, பட்டணத்தில் அக்கவுண்ட்ஸ் கிளார்க். இருவருக்கும் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரி 1 முதல் இது நடப்பில் உள்ளது. ஐவருக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஆகஸ்டு 1 முதல்.

2020இல் நகரப் பகுதிகளுக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100 என்றிருந்த வேறுபாடு, 2022இல் 1,500 ஆனபோது நீங்கியது. சிற்றூர் ஊழியருக்கு அது நியாயம்தான். வாடகைதான் ஒன்றாகவில்லை.

1,700இல் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போகும். சொக்சோ பிடித்தமும் போனால் கையில் 1,500 சொச்சம். சுங்கை சிப்புட்டில் பெற்றோர் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர் அதில் மிச்சம் பிடிக்கலாம். கோலாலம்பூரில், 50 ரிங்கிட் மாதப் பயண அட்டை இருந்தாலும், தனி அறை எடுத்தவருக்கு மாதக் கடைசி இழுபறிதான். அங்கு 300 ரிங்கிட் கூடுதலாகத் தருகிறார்கள் என்றால், அறை வாடகை அதற்குள் அடங்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.