தொகையாய் நின்றோர்

பெயர் அறிந்த அடியாரோடு அமையாது, பெயர் அறியா அடியாரையும் ஒன்பது தொகையாகப் போற்றிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். அவ்வூர் அடங்கிய சென்னை மாகாணம் 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் இழந்தோரையும் தொகையாகவே அறிய முடிகிறது. கிராமச் சாவுக் கணக்கு துணை செய்யவில்லை. வழியில் வீழ்ந்தவரை எந்த ஊர் தன் ஏட்டில் எழுதும்? எஞ்சியோரை எண்ணியே மாண்டோரை மதிப்பிட வேண்டியதாயிற்று.

மாகாண மக்கள் 1871இல் ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சம். 1881இல் 3 கோடியே 8 இலட்சம். இழப்பு 4 இலட்சமே என்பது பேதைமை. பஞ்சம் இன்றேல் பெருகியிருக்கும் தொகையையும் கூட்டி, பிறவாத மகவுகளையும் கடல் கடந்தோரையும் கழித்தாலே சாவின் அளவு புலப்படும்.

அந்த 1871 கணக்கின் அறிக்கையை எழுதிய மருத்துவர் கார்னிஷே, 1877இல் பஞ்ச வேலையாளின் நாட்கூலி ஓர் இராத்தல் தானிய அளவுக்குக் குறைக்கப்பட்டபோது எதிர்த்து எழுதியவர்.