எலும்புப்புரை: நடுவயதில் மூலகாரணம் அறிதல்

எலும்புப்புரை என்பது எலும்பின் தாது அடர்த்தி குறைந்து, உள்ளமைப்பு நலிந்து, நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே முறியக்கூடிய நிலை. முதுமையாலும் மாதவிடாய் நிற்பதாலும் வருவது முதல்நிலை வகை. வேறொரு நோயோ மருந்தோ உண்டாக்குவது இரண்டாம்நிலை வகை. எலும்பு முறியும் ஆண்களிலும், மாதவிடாய் நிற்காத பெண்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரண்டாம்நிலைக் காரணம் ஒன்று இருக்கும். ஆகவே நடுவயதில் 'வயதாகிவிட்டது' என்பது விடையாகாது.

பெயர்க் குழப்பம்
காரைக்கால் உள்ளிட்ட காவிரிக் கடைமடையில் முழங்கால் மூட்டு வலியையும் இந்நோயையும் 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்வர். முன்னது குருத்தெலும்பின் தேய்வு, நடக்கும்போதே வலிக்கும். எலும்புப்புரை முறிவு நேரும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை.

அளவீடு
டெக்சா ஸ்கேன் இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் அடர்த்தியை அளக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தபடி, இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி-மதிப்பு −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட்-மதிப்பே பொருந்தும்; அது −2.0 அல்லது அதற்கும் கீழே இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

காரணங்கள்
ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் முதன்மையானவை. நாளுக்கு 5 மி.கி. வீதம் 3 மாதம் எடுத்தாலே எலும்பு இழப்புக்கு இடமுண்டு. என்ன கலந்ததென்று தெரியாமல் விழுங்கும் வலிநிவாரணப் பொடிகளிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். வலிப்பு மருந்தான பெனிட்டாயின், மிகைத் தைராய்டு, சிறுநீரகச் செயலிழப்பு, குடல் உறிஞ்சுதல் குறைபாடு, நாட்பட்ட கணைய அழற்சி, மதுப்பழக்கம், புகையிலை, கருப்பையோடு சினைப்பைகளையும் இளவயதில் அகற்றியது, ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு ஆகியவையும் காரணங்கள்.

வைட்டமின் டி குறைவு தனிக் கவனத்துக்குரியது. காரைக்கால் ஏறத்தாழ 10.9° வட அகலாங்கில் இருப்பதால் ஆண்டு முழுதும் வெயிலுண்டு. ஆயினும் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் பகலைக் கழிப்போர், உடல் மூடிய உடையணிவோர், கருமை மிகுந்த தோலுடையோர் ஆகியோரிடம் இக்குறை வருகிறது. அது முற்றினால் எலும்பு மென்மையாகும். டெக்சா அதையும் அடர்த்திக் குறைவாகவே காட்டும்; ஆனால் முதலில் கொடுக்க வேண்டியது வைட்டமின் டி.

தேடும் முறை
இத்தேடல் மருந்துப் பையிலும் பழைய சீட்டுகளிலும் தொடங்குகிறது. அடுத்து இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டு, இரத்த அணுக்கள் பார்க்கப்படும். கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சேர்ந்து உயர்ந்திருந்தால் பாராதைராய்டுக் கட்டியை ஐயுற வேண்டும். சிறுநீரகக் கல் அதன் துணைத்தடயம். கட்டியை அகற்றினால் எலும்பு மீண்டும் அடர்த்தி பெறுகிறது. இரத்தசோகையும் முதுகுவலியும் சேர்ந்தால் மைலோமா என்னும் எலும்புமஜ்ஜைப் புற்றுநோய்க்காகப் புரதப் பகுப்பாய்வு செய்வர்.

காரைக்காலில்
புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இம்மாவட்டத்தில் அரசுப் பொது மருத்துவமனை உள்ளது. ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் காரைக்கால் கிளை 2016இல் தொடங்கியது. தலைநகர் புதுச்சேரி சாலைவழி சுமார் 130 கி.மீ. தொலைவில் இருப்பதால், அடிப்படைப் பரிசோதனைகளை உள்ளூரிலேயே முடித்துக்கொண்டு உயர்பரிசோதனைக்குச் செல்வது நோயாளியின் அலைச்சலைக் குறைக்கும். முள்ளோடு உண்ணும் நெத்திலி கால்சியமும், மத்தி வைட்டமின் டியும் தருகின்றன. ஆயினும் மறைந்திருக்கும் நோயை உணவும் கால்சியம் மாத்திரையும் தீர்ப்பதில்லை. நடுவயதில் மணிக்கட்டோ முதுகெலும்போ எளிதில் முறிந்தால், மாவுக்கட்டுப் பிரித்ததோடு மருத்துவம் முடிந்துவிடக் கூடாது.